படி போய்ச் சேர்ந்ததா?

ஓர் ஊரில் ஞானஸ்நானம் பெற்ற பெண் வேறோர் ஊரில் மணம் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மணம் நடந்த கோவிலின் பங்குக்குரு, அத்திருமணத்தைத் தம்முடைய பதிவேட்டில் எழுதுவதோடு நின்றுவிடுவதில்லை. அப்பெண் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு ஓர் அறிவிப்பும் அனுப்புகிறார். அங்குள்ள பங்குக்குரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அவள் பெயருக்கு நேரே, ஓரத்தில், இன்ன நாளில் இன்ன கோவிலில் மணமானது என்று குறித்துக்கொள்கிறார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1122-ஆம் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. ஓலை வாசிக்கும் முன்னர் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கப்படுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அந்த அறிவிப்புக் கடிதம் தபாலில் தவறிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் சங்கடம். மணம் நடந்த ஊரின் புத்தகம் சரியாகவே இருக்கிறது. ஞானஸ்நான ஊரின் புத்தகமும் அடித்தல் திருத்தல் இன்றிச் சுத்தமாகவே இருக்கிறது. ஓரத்தில் இருக்கவேண்டிய ஒரு வரி இல்லை, அவ்வளவே. இல்லாத வரி யார் கண்ணிலும் படுவதில்லை. பல ஆண்டுகள் சென்று யாரேனும் சான்றிதழ் கேட்டு வரும்போதுதான், ஒரே பெண்ணைப்பற்றி இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகப் பேசுவது வெளியாகும்.

இன்று கணிப்பொறிகள் இதே வேலையை இரவு பகலாகச் செய்துவருகின்றன. ஓரிடத்தில் எழுதப்பட்டது மற்றோரிடத்திலும் எழுதப்படவேண்டும். இதனை ரெப்ளிகேஷன் என்பார்கள். நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைப் ‘படியெடுத்தனர்’ அன்றோ? அந்தச் சொல்லையே நாமும் எடுத்துக்கொண்டு, இதனைத் ‘தொடர் படியெடுப்பு’ என்று சொல்வோம். கடிதம் தவறினால் சத்தமே எழாத அந்தச் சங்கடம் இங்கும் அப்படியே உண்டு. ஆகவே படி போய்ச் சேர்ந்ததா என்று கண்காணிப்பது எப்படி, சேரவில்லையென்றால் எங்கே தேடுவது என்பவற்றைக் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி பரிமாறுபவரை நினைத்துவிடாதீர்கள்! ஆனால் முற்றிலும் தவறான நினைவும் அன்று. பல கணிப்பொறிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துப் பரிமாறும் கணிப்பொறியே சர்வர். கணிப்பொறி வேலை கன்னியர் மடத்துக்குப் புறம்பானது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இருவருள் ஒருவர், மேரி கென்னத் கெல்லர் என்னும் அருட்சகோதரி ஆவார். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1965-இல் அவருக்கு அப்பட்டத்தை அளித்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு துறவற சபையின் தாய் மடம் ஓர் ஊரிலும், அதன் கிளைப் பள்ளி நூறு மைலுக்கு அப்பால் மற்றோர் ஊரிலும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சர்வர். மாணவியரின் மதிப்பெண் பட்டியல், கட்டணக் கணக்கு, ஆசிரியைகளின் பணிப் பதிவேடு யாவும் இரண்டிலும் இருக்கவேண்டும். ஓரிடத்தில் தீ விபத்தோ வெள்ளமோ நேர்ந்தாலும் மற்றோரிடத்தில் படி இருக்கும். மேலும், பள்ளியில் உள்ளவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் நூறு மைல் தூரக் கம்பியை நம்பியிருக்கவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வேலைக்குப் பல ஏற்பாடுகள் உள்ளன. அவற்றுள் பெரிதும் வழங்குவது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘டி.எஃப்.எஸ். ரெப்ளிகேஷன்’ ஆகும். விண்டோஸ் சர்வர் 2003 ஆர்-2 பதிப்பில் முதன்முதல் வந்தது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அது வேலை செய்யும் விதம் நம் பங்குக்குருவின் வேலையைப் போன்றதே. வட்டில் எந்தக் கோப்பு மாறினாலும், விண்டோஸ் அதனை ஒரு மாற்றக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவருகிறது. படியெடுப்புச் சேவை அந்தக் குறிப்பேட்டைப் படித்து, ‘இந்தக் கோப்பு மாறியது, இது இத்தனையாவது பதிப்பு’ என்று தன்னுடைய தனிக் கணக்கில் பதிந்துகொண்டு, மறுமுனையில் உள்ள சர்வருக்கு அறிவிக்கிறது. மறுமுனை தன் கணக்கோடு ஒப்பிட்டு, தன்னிடம் இல்லாததைக் கேட்கிறது. அனுப்பும் சர்வர் அந்தக் கோப்பைச் சுருக்கிக் கட்டி, ஸ்டேஜிங் என்னும் இடைத்தங்கல் அறையில் வைக்கிறது. அங்கிருந்து அது கம்பி வழியே புறப்படுகிறது. கோப்பு பெரியதாயின் முழுவதையும் அனுப்பாமல், துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் சிக்கனமும் உண்டு. 64 கிலோபைட்டுக்கும் குறைந்த சிறு கோப்புகளுக்கு இந்தச் சிக்கனம் பார்ப்பதில்லை, முழுதாகவே அனுப்பிவிடும்.

இத்தனை படிகளில் எங்கே வேண்டுமானாலும் தடை நேரலாம். தடை நேர்ந்தால் மதிப்பெண் பட்டியலைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியைக்கு ஏதேனும் தெரியுமா? தெரியாது. அவருடைய சர்வரில் அவருடைய கோப்பு பத்திரமாக இருக்கிறது. திறக்கிறது, மூடுகிறது. மறுமுனையில் இருப்பவருக்கும் தெரியாது. நேற்றைய பட்டியல் அங்கே ஒழுங்காகத் திறக்கிறது. இருவரும் மன நிறைவோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது நிலுவை. அலுவலகங்களில் நிலுவைத் தபால் என்று சொல்வார்களே, அதே நிலுவைதான். ஒரு சர்வர் அனுப்பவேண்டி, மறுமுனை இன்னும் பெற்றுக்கொள்ளாத கோப்புகள் எத்தனை என்று கேட்டால் கணிப்பொறி எண்ணிச் சொல்லும். முதல் நூறு கோப்புகளின் பெயரையும் காட்டும். இதில் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. ஒன்று, நிலுவையைத் திசைக்கு ஒன்றாக இருமுறை கேட்கவேண்டும். மடத்திலிருந்து பள்ளிக்கு நிலுவை இல்லை என்பதால், பள்ளியிலிருந்து மடத்துக்கும் இல்லை என்று ஆகிவிடாது. போகிற தபால் ஒழுங்காகப் போய், வருகிற தபால் மட்டும் நின்றிருக்கலாம்.

மற்றொன்று, ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வைத்துவிட்டுத் தாய் ஓய்ந்துவிடுவாளா? காலையில் 500, நண்பகலில் 300, மாலையில் 20 என்று இருந்தால் கவலை இல்லை. தேர்வு முடிந்த வாரத்தில் 5,000 நிலுவை இருந்தாலும் அது குறைந்துகொண்டே வந்தால் போதும். ஆனால் காலையில் 12, நண்பகலில் 12, மாலையிலும் அதே 12 என்றால், எண் சிறிதாயினும் அங்கே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது. எண்ணின் பருமனைவிட அது நகர்கிறதா என்பதே முக்கியம். சர்வர்களைக் கவனிப்பவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் எண்ணும் எழுதிவந்தாலே பாதி வேலை முடிந்தது எனலாம். அதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் விற்கிறார்கள். வாங்கட்டும், ஆனால் கருவி காட்டும் பச்சை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரைவிட, எண்ணை எழுதிவைத்தவரிடமே நமக்கு நம்பிக்கை அதிகம்.

இரண்டாவது, சோதனைக் கோப்பு. ஒரு முனையில் சிறிய கோப்பு ஒன்றை எழுதி, மறுமுனையில் அது எத்தனை நிமிடத்தில் வந்து சேருகிறது என்று பார்ப்பது. டி.எஃப்.எஸ். ரெப்ளிகேஷனிலேயே இதற்கென ஒரு சோதனை இருக்கிறது. ஊருக்குப் போன மகளிடம் ‘போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடு’ என்று சொல்லி அனுப்புவதைப் போன்ற காரியம் இது. வழி திறந்திருக்கிறதா என்பது இதனால் தெரிந்துவிடும். ஆனால் வழி திறந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். சைக்கிள் நுழைந்த சந்தில் லாரியும் நுழையும் என்று சொல்லமுடியாதல்லவா?

அந்த லாரியின் சங்கதி இடைத்தங்கல் அறையில்தான் பெரும்பாலும் வெளிப்படும். அவ்வறைக்கு ஓர் அளவு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் 4 ஜிகாபைட். அறை 90 சதவிகிதம் நிரம்பியவுடன், கணிப்பொறி பழைய மூட்டைகளை வெளியேற்றத் தொடங்கி, 60 சதவிகிதத்துக்கு வரும்வரை துப்புரவு செய்யும். ஆண்டு விழாவின் ஒளிப்படங்களையும் நாடகப் படச் சுருள்களையும் பள்ளியின் சர்வரில் யாரோ ஏற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை நிரம்புகிறது, துப்புரவு நடக்கிறது, மறுபடி நிரம்புகிறது, வெளியேற்றிய மூட்டையையே திரும்பக் கட்டவேண்டியிருக்கிறது. கணிப்பொறி மூச்சு முட்ட வேலை செய்தாலும் நிலுவை குறைவதில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நிகழ்வுப் பதிவேட்டில் 4202, 4204 என்னும் எண்கள் ஒரே மணி நேரத்தில் திரும்பத் திரும்ப விழுந்திருக்கும். என்றேனும் ஒருமுறை விழுந்தால் பொருட்படுத்தவேண்டாம். கோப்புறையில் உள்ள மிகப் பெரிய 32 கோப்புகளின் அளவுகளைக் கூட்டி, குறைந்தது அவ்வளவு இடமேனும் இடைத்தங்கல் அறைக்கு ஒதுக்கவேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் கூறும் கணக்கு. பலர் இந்தக் கூட்டலைச் செய்வதே இல்லை. பிறகு கம்பியைக் குறை சொல்வார்கள்.

கம்பியிலும் குறை இருக்கலாம்தான். மறுமுனையின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி கிடைக்கிறதா, நடுவில் உள்ள ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருள் 135-ஆம் வாசலையும் அதன் பின் பேசுவதற்குரிய வாசல்களையும் அடைத்துவைத்திருக்கிறதா, மறுமுனையில் சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கடிகாரத்தைப் பார்க்கத்தான் பலருக்கும் தோன்றாது. ஒரே ஆட்சி வட்டத்துள் இருக்கும் விண்டோஸ் கணிப்பொறிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளவே மறுத்துவிடும். வாசற்காவலர் ‘நாளைய தேதியிட்ட சீட்டு’ என்று திருப்பி அனுப்புவதைப் போல.

நிலுவையிலேயே வராமல் ஏமாற்றும் கோப்புகளும் உண்டு. இவையே நமக்கு மிகவும் அச்சம் தருபவை. இந்த ஏற்பாட்டில் ஒரு வடிகட்டி இருக்கிறது. தற்காலிகக் குப்பைகளை வீணாக அனுப்பவேண்டாம் என்று, அலைக்குறியில் தொடங்கும் பெயர்களையும், ‘டி.எம்.பி.’, ‘பி.ஏ.கே.’ என்று முடியும் பெயர்களையும் அது விட்டுவிடும். யாரும் சொல்லாமலே இவ்வாறு அமைந்திருப்பது. இப்போது ஜாக்கிரதையான எழுத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டின் மதிப்பெண் பட்டியலைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று, அதற்கு ‘பி.ஏ.கே.’ என்று முடியும் பெயரைச் சூட்டுகிறார். ‘பேக்கப்’ என்பதன் சுருக்கம் அது; பாதுகாப்புப் படி என்றே அவர் நினைக்கிறார். அந்தப் பெயரால்தான் அது ஒருகாலும் மறுமுனைக்குப் போகாது! நிலுவையும் சுழி என்றே காட்டும். ஏனெனில் அது அனுப்பவேண்டிய கணக்கிலேயே இல்லை.

திறந்தபடியே கிடக்கும் கோப்பும் இத்தகையதே. ஒரு செயலி கோப்பைத் தனக்கே உரியதென்று பூட்டி வைத்துக்கொண்டால், அது மூடப்படும்வரை படி போகாது. கட்டணக் கணக்கைக் காலையில் திறந்து, கணிப்பொறியை அணைக்காமலே வீட்டுக்குப் போகும் வழக்கம் ஓர் அலுவலகத்தில் இருந்தால், அக்கணக்கின் படி வாரக்கணக்கில் பழையதாகவே நிற்கும். இதற்கு நிபுணர் வேண்டாம். மாலையில் மூடிவிட்டுப் போகச் சொன்னால் போதும்.

இரண்டு முனையிலும் ஒரே கோப்பில் இருவர் எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி எழலாம். கணிப்பொறி நியாயம் விசாரிப்பதில்லை. கடைசியாக எழுதியவர் வென்றார் என்று முடிவு செய்துவிடும். தோற்றவருடைய பதிப்பு மறைவான ஒரு தனிக் கோப்புறைக்குப் போகும். மடத்தில் ஒரு சிஸ்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்திய பட்டியலை, பள்ளியில் ஒருவர் ஒரே ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்து வீழ்த்திவிடலாம். திருத்தம் காணாமற்போனதாகப் புகார் வந்தால் அந்தத் தனிக் கோப்புறையில் தேடவேண்டும். ஆனால் விரைந்து தேடவேண்டும். அதற்கும் இட அளவு உண்டு. நிரம்பினால் பழையது அழிக்கப்படும்.

நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த சர்வரை மறுபடி இணைப்பதிலும் கவனம் வேண்டும். நீக்கிய கோப்புகளுக்கும் ‘இது நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பைக் கணிப்பொறி வைத்துக்கொள்கிறது; காலவரையின்றி அன்று. ஒரு சர்வர் 60 நாட்களுக்கு மேல் தொடர்பற்றிருந்து திரும்பி வருமானால், இடையில் எவை நீக்கப்பட்டன என்பதை அதற்கு எடுத்துச் சொல்ல வழியில்லை. தன்னிடமுள்ள பழைய கோப்புகளையெல்லாம் புதியவை போல அது எல்லோருக்கும் அனுப்பிவிடும். புதைத்தவை எழுந்து நடக்கும்! ஆகவே இன்றைய பதிப்புகள் அத்தகைய சர்வரை வாசலிலேயே நிறுத்தி, 4012 என்னும் எண்ணுள்ள நிகழ்வைப் பதிவு செய்கின்றன. கோடை விடுமுறைக்கு முன் பழுதாகி, பள்ளி திறந்து பல நாள் கழித்துச் செப்பமான சர்வருக்கு இது எளிதில் நேரும். அவசரப்பட்டு அந்தக் காவலை நீக்கிவிடக்கூடாது.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, தொடர் படியெடுப்பு ஒழுங்காக நடந்தால் கோப்புகளுக்கு ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடலாமா? எண்ணக்கூடாது. யாரேனும் ஒரு முனையில் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழித்தலும் உண்மையாக, விரைவாக, மறுமுனைக்குப் படியெடுக்கப்படும். எவ்வளவு நன்றாக ஏற்பாடு வேலை செய்கிறதோ, அவ்வளவு விரைவில் இரண்டும் அழியும். இங்கேயும் திருச்சபையின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பங்குப் பதிவேடுகளின் படியொன்றை ஆண்டு முடிவில் ஆயரின் தலைமையகத்துக்கு அனுப்பவேண்டும் என்று பணித்தது. ஓரத்தில் குறிக்கும் அறிவிப்புக் கடிதம் ஒரு வகை. ஆண்டுக்கு ஒருமுறை தனியே எடுத்துப் பூட்டிவைக்கும் படி வேறொரு வகை. முன்னதே தொடர் படியெடுப்பு. பின்னதே பேக்கப் என்னும் சேமப் படி. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. கிட்லாப் என்னும் நிறுவனம், மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடத்தை நடத்துகிறது. அங்கே நடந்தது கோப்புறைப் படியெடுப்பு அன்று, தரவுத்தளப் படியெடுப்பு. ஆயினும் ஒழுங்கு ஒன்றே. முதன்மைச் சர்வர் ஒன்று. அதன் படியைத் தாங்கும் துணைச் சர்வர் ஒன்று. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் மாலை, முதன்மைச் சர்வரின்மேல் பளு மிகுந்தது. துணைச் சர்வர் பின்தங்கியது. அது எவ்வளவு பின்தங்கிற்றென்றால், அதற்குத் தேவையான மாற்றக் குறிப்புகளை, அது வாங்கிக்கொள்ளுமுன்பே முதன்மைச் சர்வர் கழித்துவிட்டது. படியெடுப்பு நின்றது. இனித் துணைச் சர்வரில் உள்ளதை முழுதும் துடைத்துவிட்டு, முதலிலிருந்து படியெடுப்பதே வழி.

கிரீன்விச் நேரப்படி இரவு 11 மணி கடந்துவிட்டது. பொறியாளர் ஒருவர் அந்த வேலையில் இருந்தார். படியெடுக்கக் கட்டளையிட்டார், கணிப்பொறி ஒரு செய்தியும் சொல்லாமல் நின்றது. உண்மையில் அது முதன்மைச் சர்வரின் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் இல்லை. துணைச் சர்வரில் மிச்சம் மீதி இருப்பதால்தான் தடை என்று அவர் நினைத்து, அதனைத் துடைக்கக் கட்டளையிட்டார். இரண்டு சர்வர்களின் பெயர்களுக்கும் ஓர் இலக்கமே வேற்றுமை: ஒன்றில் 1, மற்றதில் 2. அவர் கட்டளையிட்ட சர்வர் முதன்மைச் சர்வராக இருந்தது. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட் அளவுள்ள தகவல் போய், ஏறக்குறைய 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது.

சேமப் படி இருக்குமே என்று தேடினார்கள். அமேசான் நிறுவனத்தின் கிடங்கில் நாள்தோறும் போய்ச் சேரவேண்டிய படிகள் இருக்கும் இடம் காலியாக இருந்தது! தரவுத்தளம் 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவி 9.2 பதிப்பு. இரண்டும் ஒவ்வாமையால் அந்த வேலை தோல்வியுற்று வந்திருக்கிறது. தோல்வியுற்றால் மின்னஞ்சல் வரும் ஏற்பாடு இருந்தது. அந்த மின்னஞ்சல்களில் முறையான முத்திரை இல்லாததால், பெறும் இடத்திலேயே அவை தள்ளுபடியாகி வந்தன. நம் பங்குக்குருவின் கடிதம் தபாலில் தவறியது. ‘கடிதம் தவறிற்று’ என்று அறிவிக்கும் கடிதமும் தபாலில் தவறியது. வட்டுகளை அப்படியே படம்பிடித்து வைக்கும் மற்றோர் ஏற்பாடோ, தரவுத்தளச் சர்வர்களுக்கு முடுக்கப்படவே இல்லை. ஐந்து வகைப் பாதுகாப்புகளில் ஒன்றுகூட நம்பத்தக்க நிலையில் இல்லை என்பதை அன்றிரவுதான் அறிந்தார்கள்.

காப்பாற்றியது ஒரு தற்செயல். அன்று மாலை 5.20 மணிக்கு, வேறு ஏதோ சோதனைக்காக, பொறியாளர் ஒருவர் கையாலேயே ஒரு படி எடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து மீட்டார்கள். அந்தப் படி இருந்த வட்டு மெதுவாக ஓடுவதாகையால், திரும்பக் கொண்டுவரவே ஏறக்குறைய 18 மணி நேரம் ஆயிற்று. அந்தப் படிக்குப் பின் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக எழுதப்பட்டவை திரும்பவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர்களின் பதிவுகள் ஆகியவை பாதிக்கப்பட்டன என்று நிறுவனமே கணக்கிட்டு வெளியிட்டது. மீட்பு வேலையை எவரும் பார்க்கும்படி நேரடியாக ஒளிபரப்பியதோடு, நடந்தது அனைத்தையும் மணிவாரியாக எழுதி வெளியிட்டார்கள். அவ்வறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் குறிக்கப்படவில்லை. நமக்கு இது மிகவும் பிடித்திருந்தது. களைத்த இரவில் 1-க்கும் 2-க்கும் தடுமாறுவது யாருக்கும் நேரும். காலியான கிடங்கைப் பலநாள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதே பெரிய குறை. அது ஒருவருடைய குறை அன்று.

எட்டிப் பார்ப்பதையே முறையாக்கிய ஓர் ஏற்பாட்டையும் குறிப்பிடவேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 1999-இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ என்னும் திட்டம் அது. மின் வடிவில் வரும் ஆய்விதழ்களின் படிகளைப் பல நூலகங்கள் தத்தம் சர்வர்களில் வைத்துக்கொள்கின்றன. வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு படிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஓர் எண் கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சர்வர்கள் அவ்வப்போது ஒன்றையொன்று விசாரித்து, தத்தம் எண்களை ஒப்பிடுகின்றன. பலருடைய எண்ணோடு ஒவ்வாத படி கெட்டுப்போனதாகக் கொள்ளப்பட்டு, நல்ல படியிலிருந்து செப்பமிடப்படுகிறது. கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாராமல், உள்ளே இருப்பது சரியா என்றும் பார்ப்பது இதன் சிறப்பு. வட்டுகள் மூப்படையும்போது, பெயரும் அளவும் அப்படியே இருக்க, உள்ளே ஓரிரு எழுத்துகள் மட்டும் சிதைந்துவிடுவது உண்டு. பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பவருக்கு அது தெரியாது.

நாம் கற்பனை செய்த மடத்துக்கும் பள்ளிக்கும் லாக்ஸ் அளவுக்கு ஏற்பாடு வேண்டியதில்லை. நாள்தோறும் காலையில் இரண்டு திசையிலும் நிலுவையை எழுதிக்கொள்வது, வாரம் ஒருமுறை சோதனைக் கோப்பு அனுப்புவது, நிகழ்வுப் பதிவேட்டை ஒரு கண்ணோட்டம் விடுவது, இவற்றை அலுவலகத்தில் உள்ள எவரும் செய்யலாம். மாதம் ஒருமுறை மட்டும் சற்று அதிக நேரம் ஆகும். சேமப் படியிலிருந்து ஏதேனும் ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியலை எடுத்து, வேறு ஒரு கணிப்பொறியில் இறக்கித் திறக்கவேண்டும். திறந்தால் போதாது. வகுப்பு ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையால் எழுதிய மதிப்பெண் ஏட்டோடு, முதல் பெயர் முதல் கடைசிப் பெயர்வரை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கவேண்டும். நாற்பது பெண்கள் உள்ள வகுப்பானால் அரைமணி நேரம் பிடிக்கும்.